செம்மண் பள்ளத்தாக்கு

விடுமுறை நெருங்க நெருங்க நம் குடும்பங்களில் ஒரு பெரிய மந்திராலோசனை சபை கூடிவிடுகிறது. தாத்தாவுக்கு க்ஷேத்திரம் வேண்டும். பாட்டிக்குத் தீர்த்தம் வேண்டும். குழந்தைகளுக்குக் கடல் வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கோ, கைபேசியில் படம் பிடித்து நண்பர்களைப் பொறாமைப்பட வைக்கத்தக்க அபூர்வக் காட்சி ஏதாவது வேண்டும். குடும்பத் தலைவருக்கு மட்டும் செலவு குறைந்தால் போதும். இந்த ஐந்து கட்சிகளையும் சமாதானப்படுத்தக்கூடிய ஊர் ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். ஆனால் அந்த ஊருக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு கேள்வியையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். அது என்ன கேள்வி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சமீப காலமாக நம் இளைஞர்களின் பேச்சில் அமெரிக்க தேசத்து ஸெடோனா என்னும் ஊரின் பெயர் அடிபட்டு வருகிறது. அரிஸோனா மாநிலத்தின் வறண்ட பிரதேசத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,300 அடி உயரத்தில் உள்ள சிற்றூர் அது. 1902-ஆம் ஆண்டில் அங்கே தபாலாபீஸ் ஏற்பட்டபோது, அதற்காக முயன்ற ஷ்னெப்லி என்பவர் எழுதி அனுப்பிய பெயர் தபால் முத்திரைக்குள் அடங்காத நீளமாயிருந்ததாம். ஆகவே அவருடைய மனைவியின் பெயரான ஸெடோனா என்பதையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். ஊரைச் சுற்றிலும் செக்கச் சிவந்த பாறைகள் ராஜகோபுரங்களைப் போல் எழுந்து நிற்கின்றன. உதயத்திலும் அஸ்தமனத்திலும் அவை தணலாய் ஜ்வலிப்பதைப் பார்க்க ஆண்டுதோறும் லக்ஷக்கணக்கான பிரயாணிகள் அங்கே போகிறார்கள். போகட்டும். ஆனால் நம்மில் ஒரு குடும்பம் அங்கே போய்வரும் செலவில் இங்கே ஒரு சிக்கனமான கல்யாணத்தையே நடத்திவிடலாம்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையோடு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் பொம்மையார்பாளையம் என்னும் கிராமம் வருகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. சாலைக்குக் கிழக்கே கடலும் கட்டுமரங்களும் மீனவர் குடியிருப்பும். மேற்கே திரும்பிச் சிறிது தூரம் நடந்தால் நிலம் திடீரென்று வாய் பிளந்துகொள்கிறது. இரு பக்கமும் செம்மண் சுவர்கள். நடுவே வளைந்து வளைந்து செல்லும் மணல் தரை. மேலே ஒரு துண்டு ஆகாயம். சுவரில் மழை நீர் கீறிய கோடுகள் தேர்ந்த சிற்பி உளியால் செதுக்கியவைபோல் இருக்கின்றன. சில இடங்களில் மண் குங்குமம், சில இடங்களில் மஞ்சள், இடையிடையே வெள்ளை. காலைச் சூரியன் கடலிலிருந்து எழுந்து இந்தச் சுவர்களின்மேல் படும்போது உண்டாகும் வர்ண ஜாலத்தை நேரில்தான் காண வேண்டும்.

ஸெடோனாவுக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் சிவப்புச் சாயம் தோய்த்தது ஒரே பொருள்தான். அது இரும்பின் துரு. மணலோடு கலந்திருக்கும் இரும்பு, நீரும் காற்றும் பட்டுத் துருவேறிச் சிவந்திருக்கிறது. வயதிலும் வலிமையிலும்தான் வித்தியாசம். ஸெடோனாவின் பாறைகள் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின்மேல் ஏறி நிற்கலாம். நம்முடைய செம்மண் சுவரோ கடலூர் மணற்கல் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் இளம் படிவத்தைச் சேர்ந்தது. கை நகத்தால் கீறினாலே உதிர்ந்துவிடும்.

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஸெடோனாவின் கோபுரங்களை இயற்கை தானாகவே, கோடிக்கணக்கான ஆண்டுகளில் செதுக்கியது. பொம்மையார்பாளையத்துப் பள்ளங்கள் இவ்வளவு ஆழமானதில் மனிதனுக்கும் பங்கு உண்டு. கடற்கரைக்கு மேற்கே நிலம் மெல்ல உயர்ந்து சுமார் 50 மீட்டர் மேடாகிறது. ஒரு காலத்தில் இந்த மேட்டில் கருங்காலி, வீரை, காயா, பாலை முதலிய மரங்கள் அடர்ந்த என்றும் பசுமை மாறாத காடு இருந்தது. விறகுக்கும் மரத்துக்கும் பயிருக்குமாக அது நாளடைவில் அழிந்தது. எஞ்சிய துளிர்களை ஆடுமாடுகள் மேய்ந்தன. பிறகு பெய்த ஒவ்வொரு மழையும் மேல் மண்ணை வாரிக்கொண்டு ஓடியது; ஓடிய வழி ஓடையாயிற்று; ஓடை பள்ளமாயிற்று. ஐப்பசி கார்த்திகை மழையில் இந்தக் கரையோரக் கடல் சிவப்பாக மாறியதுண்டு. அந்தச் சிவப்பு வயலிலும் காட்டிலும் இருந்திருக்க வேண்டிய மண்.

இந்தப் பக்கத்து மழை எத்தகையது என்பதற்குச் சமீபத்திய உதாரணமே போதும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்ஜல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழை மரமற்ற சரிவில் விழுந்தால் மண் எங்ஙனம் நிற்கும்?

ஐந்திணை வகுத்த நம் முன்னோர் பாலைக்கு மட்டும் தனி நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து வளமிழக்கும்போது பாலையாகின்றன என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். பாலைவனம் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது என்ற இந்த உண்மைக்குப் பொம்மையார்பாளையத்தைவிடத் தெளிவான உரை எழுத முடியாது. பாலை என்ற பெயர் நிலத்துக்கும் உண்டு, மரத்துக்கும் உண்டு. இங்கே பாலை மரம் போனது. பாலை நிலம் வந்தது.

இந்தக் கதையில் அடுத்த அத்தியாயமும் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இந்தச் செம்மேட்டின்மீது ஆரோவில் நகருக்கு அடிகோலினார்கள். 124 நாடுகளிலிருந்து பிடி மண் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டார்கள். தன் சொந்த மண்ணையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக் கொண்டிருந்த மேட்டுக்கு உலகத்தின் மண் வந்து சேர்ந்தது விசித்திரந்தான். அதன்பின் அங்கே குடியேறினவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் சேர்ந்து வரப்பு உயர்த்தினார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். லக்ஷக்கணக்கான மரங்களை நட்டார்கள். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயல் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. மறுபடியும் நட்டார்கள். பொட்டலாயிருந்த மேடு இன்று காடாக நிற்கிறது. எஞ்சியிருக்கும் பள்ளங்களையே நாம் பார்க்கப் போகிறோம்.

இனிப் பிரயாண ஏற்பாடு. தை, மாசி மாதங்கள் உத்தமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; அப்போது பள்ளத்தில் இறங்குவது ஆபத்து. மேலேயிருந்து ஒரு பாளம் சரிந்தால் தப்ப வழியிராது. சித்திரை, வைகாசியில் செம்மண் தரை அடுப்பாய்க் காயும். பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான் என்பவர்கள் விடியற்காலையில் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பஸ் ஏறலாம். புதுச்சேரிக்கு நேராக வரும் ரயில்களும் உண்டு. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் மோட்டாரில் வருகிறவர்களுக்குப் பாதி நாள் பிரயாணந்தான். தங்குவதற்குப் புதுச்சேரியில் எல்லாத் தரத்திலும் விடுதிகள் இருக்கின்றன.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் ஜாபிதா சிறியது. ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் பாத்திரம்; வழுக்காத செருப்பு; தலைக்குத் துணி; புளியோதரை. வெள்ளை வேஷ்டியும் வெளிர் நிறப் புடைவையும் வேண்டாம். செம்மண் கறை சலவைத் தொழிலாளியைக்கூடத் தோற்கடித்துவிடும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் விளிம்பில் நிற்கவிடாதீர்கள். பார்ப்பதற்குக் கெட்டியாகத் தோன்றும் விளிம்பின் அடி அரித்துப் போயிருக்கும். வேலியிட்ட காடுகளில் அனுமதியின்றி நுழைய வேண்டாம்.

மூன்று நாள் இருந்தால் திருப்தியாகப் பார்க்கலாம். முதல் நாள் காலையில் பள்ளத்தாக்கு, மாலையில் கடல். இரண்டாம் நாள் திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளி சந்நிதியும் தாத்தா பாட்டிக்கு. அருகேயுள்ள கல்மரப் பூங்கா பேரப் பிள்ளைகளுக்கு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் வந்து மணலில் புதைந்த மரங்கள் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. பட்டையும் கணுவும் அப்படியே தெரிகின்றன. ஸோன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இவற்றைக் கண்டு எழுதியிருக்கிறார். பொம்மையார்பாளையத்துச் செம்மண்ணும் இந்தக் கல்மரங்களும் ஒரே மணற்கல் குடும்பம். ஒரு சிறு துண்டைக்கூட மடியில் கட்டிக்கொண்டு வரக்கூடாது. சட்டமும் தர்மமும் இரண்டும் தடுக்கின்றன.

மூன்றாம் நாள் மயிலமும் செஞ்சியும். மயிலத்து முருகன் கோயில் பொம்மபுர ஆதீனத்தைச் சேர்ந்தது. பொம்மபுரம் என்பது நம் பொம்மையார்பாளையமே. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவப்பிரகாச சுவாமிகள் இந்த ஆதீனத்துச் சிவஞான பாலைய சுவாமிகளைக் குருவாகப் போற்றினார். நன்னெறியைப் பள்ளியில் படித்தவர்கள் அதன் ஆசிரியர் நடமாடிய சீமை இது என்பதை நினைத்துக்கொள்ளலாம். மாசி மகத்தன்று மயிலத்து முருகன் புதுச்சேரிக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதால், பாட்டியின் தீர்த்த ஆசையும் நிறைவேறும். செஞ்சிக் கோட்டையை 1677-ல் சிவாஜி மகாராஜா கைப்பற்றினார். 2025-ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. ராஜகிரி ஏறுகிறவர்கள் காலை வேளையிலேயே ஏறிவிட வேண்டும்.

முதல் நாள் மாலைக் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. அகன்ற மணற்பரப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் இறுதியில் கல் அணைகள் கட்டிய பிறகு அந்த மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. வடக்கேயுள்ள கரைகள் பட்டினி கிடந்து கரைந்தன. ஒரு கிராமத்தைக் காக்கக் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு அடுத்த கிராமத்துக்குப் போகிறது. பொம்மையார்பாளையமும் அந்த வரிசையில் உள்ளதே. படகு நிறுத்த இடமில்லாமல் மீனவர் தவிப்பதை விடுமுறைக்கு வந்தவர்களும் காணாமல் இருக்க முடியாது. இவ்வளவு சிறிய ஊர். மேற்கே மழை நிலத்தைத் தின்றது, கிழக்கே கடல் தின்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பள்ளத்தாக்கு அழகாயிருக்கிறது, அது ஒரு காயம் என்பதும் நிச்சயம். காயத்தை வேடிக்கை பார்க்கலாமா?

பார்க்கலாம் என்பதே என் அபிப்பிராயம். வைத்தியசாலைக்குப் போய் நோயாளியைப் பார்த்துவருவது பாவமல்லவே! ஆனால் நோயாளியின் புண்ணைக் குத்திப் பார்க்கலாகாது. சுவரில் பெயர் செதுக்குவதும், சரிவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், படத்துக்காக விளிம்பில் ஏறி மண்ணைச் சரிப்பதும் அந்த வகையைச் சேர்ந்தவை. ஒரு கால் மிதிப்பில் உதிர்வது ஒரு பிடி மண்ணாயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை கால்கள்!

இதற்கு ஒரு படி மேலேயும் போக வேண்டியிருக்கிறது. நட்ட மரங்கள் வேர் பிடித்து, தடுப்பணைகள் மண்ணைத் தேக்கினால், பள்ளங்கள் மெல்ல மேடிட்டுப் புதர் மூடிப் போகும். அப்போது படம் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. "அழகான இடத்தைக் கெடுத்துவிட்டார்களே!" என்று சில பிரயாணிகள் அங்கலாய்க்கக் கூடும். ஊரிலே பிரயாணிகளை நம்பிக் கடை வைத்திருப்பவரும் வருத்தப்படக் கூடும். அவர் வருத்தம் நியாயமானதே. ஆனாலும் மேட்டிலே கிணறு தோண்டிப் பயிர் செய்கிறவருக்கு மண் நிற்க வேண்டும், மழை நீர் பூமிக்குள் இறங்க வேண்டும். நமக்கு அது மூன்று நாள் காட்சி. அவருக்கு அது முப்போகச் சாப்பாடு. இரண்டில் எது பெரிது என்பதைக் குழந்தைகளிடமே கேட்டுப் பாருங்கள். பள்ளத்துக்குள் நிற்கும்போதே கேளுங்கள். சரியான பதில் வரும்.

ஆகையால் நேயர்களே, போக எண்ணமிருந்தால் தாமதிக்க வேண்டாம். போய், அதன் அழகைக் கண்குளிரப் பாருங்கள். திரும்பும்போது மட்டும் ஊராரிடம், "அடுத்த தடவை நாங்கள் வரும்போது இந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் தூர்ந்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.