குரல் கேட்டால் பைத்தியமா?

மாமா இறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை, கையை நிறுத்தாமலே சொன்னார்: "விளக்கேத்துற நேரத்துல, கொல்லைக் கதவைச் சாத்துனியான்னு மாமா கேக்குறாருப்பா. காதுல தெளிவா விழுது." சொன்ன கையோடு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாத. கிழவிக்கு மூளை கலங்கிடுச்சும்பாங்க."

மாமாவின் குரலுக்கு அவர் அஞ்சவில்லை. ஊர் வாய்க்குத்தான் அஞ்சினார். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டால் அது பைத்தியம் என்று படித்தவர், படிக்காதவர் எல்லோரும் கூசாமல் சொல்கிறோம். அது தவறான நம்பிக்கை. உதவி தேடி வரவேண்டியவர்களின் வாயை அடைப்பதால் கொடுமையானதும்கூட.

அத்தைக்கு நேர்ந்தது அரிய சங்கதியே அல்ல. வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப்பேர், போனவர் இன்னும் கூடவே இருப்பதுபோல் ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். நூற்றில் 13 பேர் குரலையே கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

'அதெல்லாம் பிரமை, நோயாளிக்குக் கேட்பது வேறு' என்பார்கள் சிலர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஐரிஸ் சொம்மரின் குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். மனநோய் ஏதுமில்லாமல் குரல் கேட்பவர்கள் 21 பேர், மனநோயோடு குரல் கேட்பவர்கள் 21 பேர். ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்தபடி, குரல் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள சிறு பலூனை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் இரு சாராருக்கும் மூளையில் பேச்சை உருவாக்கும் இடங்களும் பேச்சைக் கேட்டு உணரும் இடங்களும் ஒரே மாதிரி விழித்துக்கொண்டன. குறிப்பிடும்படியான வேறுபாடு தென்படவில்லை. 2012இல் வெளியான முடிவு இது.

ஆளில்லாமல் குரல் எப்படி வரும்? நாம் பேச வாயெடுக்கும்போதே, 'இது என் குரல்தான்' என்று மூளை தன் செவிப்பகுதிக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிவிடுகிறது. அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேராவிட்டால், மனசுக்குள் ஓடும் சொந்தப் பேச்சே அயலார் பேச்சாகக் கேட்கலாம் என்பது ஒரு விளக்கம். மூளையின் எதிர்பார்ப்பைக் காரணம் காட்டுவது இன்னொன்று. யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டம்போட்ட படத்தோடு மெல்லிய ஓசை ஒன்றைச் சேர்த்துச் சேர்த்துப் பழக்கினார்கள். பிறகு ஓசையை நிறுத்திப் படத்தை மட்டும் காட்டியபோதும், ஓசை கேட்டதாகப் பலர் சொன்னார்கள். அன்றாடம் குரல் கேட்பவர்கள், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மற்றவர்களைவிட மிக அதிகமாக அப்படிச் சொன்னார்கள். மூளை எதிர்பார்ப்பதைக் காது கேட்டதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இவர்களுக்கு அது கூடுதல், அவ்வளவுதான்.

அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது? அதே உட்ரெக்ட் குழு இரு தரப்பிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்தது. குரலின் உரப்பிலோ, அது உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்தா என்பதிலோ பெரிய வித்தியாசமில்லை. நோயுள்ளவர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் ஏச்சும் மிரட்டலும். அடிக்கடி கேட்டன, அடக்க முடியவில்லை, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தன. கவனிக்க வேண்டிய இடம் அது.

நோயாளிக்குக் கேட்கும் குரல்கூட எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. மானுடவியலாளர் டான்யா லூர்மன், சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் மருத்துவர்களோடும் கானா மருத்துவரோடும் சேர்ந்து சென்னை, அக்ரா, கலிஃபோர்னியா ஆகிய மூன்று இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் பேசினார். அமெரிக்கர்கள் பலருக்கும் கேட்டது வெட்டு, குத்து என்ற வன்முறைப் பேச்சு. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டதோ சொந்தபந்தங்களின் குரல்: குளி, சமை, வீட்டைக் கூட்டு. சுற்றியிருப்பவர்கள் பேசும் பேச்சு குரலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அப்படியிருக்க, 'பைத்தியம்' என்று நாம் வீசும் சொல் எங்கே போய்த் தங்கும்?

'இப்படியெல்லாம் எழுதினால் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்' என்ற கவலை நியாயமானது. எனவே தெளிவாகவே சொல்கிறேன். குரல் திட்டினால், சாகச் சொன்னால், பிறரைத் தாக்கச் சொன்னால், தூக்கமும் வேலையும் கெட்டால், காரணமில்லாமல் எல்லோர்மீதும் சந்தேகம் வந்தால், ஒருநாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து பலருக்கு உயிர் காக்கிறது; தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் 'பைத்தியம்' என்ற பட்டத்துக்குப் பயந்து வாயே திறக்காதவரை எந்த மருத்துவரிடம் அழைத்துப்போவது? மருந்துக்கு முதல் எதிரி இந்தப் பட்டம்தான்.

வீட்டில் ஒருவர் குரல் கேட்கிறது என்றால், பதறாதீர்கள், சிரிக்காதீர்கள், பூசாரியைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்கிறது, எப்போதிருந்து கேட்கிறது, பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

நானும் அத்தையிடம் கேட்டேன். "பயமா இருக்கா அத்தை?"

"எதுக்குப் பயம்? சாத்திட்டேங்கன்னு சொல்லிட்டு என் வேலையைப் பாக்கப் போயிடுவேன். உன்கிட்ட சொன்னதே எனக்குப் பெரிய பாரம் எறங்குன மாதிரி இருக்கு."