‘கேம்பர்’ என்னும் வசை

நீலசந்திராவின் சந்துகளில் இரவு எட்டு மணிக்கு மேல் நான்கு இளைஞர்கள் ஒரு படிக்கட்டில் அமர்ந்து, தலை குனிந்து, கைப்பேசிகளை அகலவாக்கில் பிடித்திருந்தால், அவர்கள் பேச்சு பெரும்பாலும் மூன்று சொற்களைச் சுற்றியே வரும்: லூட், ரஷ், கேம்பர். முதல் இரண்டும் தொழிற்சொற்கள். மூன்றாவது வசை. அதைத் தமிழில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும் தக்கணி உருதுவில் சொன்னாலும் பொருள் ஒன்றே: கோழை.

ஒரு வீட்டின் மாடியிலோ பாறையின் மறைவிலோ அசையாமல் காத்திருந்து, வருபவனை முதலில் கண்டு முதலில் சுடுபவனே கேம்பர். பப்ஜி என்று எல்லோரும் இன்றும் அழைக்கிற பிஜிஎம்ஐ விளையாட்டில் இவனைவிட இழிவாகப் பேசப்படுபவன், பொய்ச் செயலி கொண்டு ஏமாற்றுபவன் ஒருவனே. ஓடிச் சென்று மோதுபவன் ஆண்மகன், ஒளிந்து காத்திருப்பவன் பேடி என்ற தீர்ப்பு இங்கே விவாதத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. இந்தத் தீர்ப்பு பொய்யானது. வீரத்தை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு அது கைப்பேசியின் விலையையே அளக்கிறது.

விளையாட்டின் விதியிலிருந்து தொடங்குவதே முறை. எராங்கல் என்னும் முதன்மை வரைபடம் எட்டுக்கு எட்டுக் கிலோமீட்டர் நிலப்பரப்பு. நூறு பேர் வானூர்தியிலிருந்து குதிக்கிறார்கள். கையில் ஆயுதம் இல்லை. வீடு வீடாகத் தேடித்தான் எடுக்க வேண்டும். பாதுகாப்பு வட்டம் படிப்படியாகச் சுருங்குகிறது. அதற்கு வெளியே நிற்பவனின் உயிர் தேய்கிறது. கடைசியில் எஞ்சுபவன் வென்றவன். அதிகம் பேரை வீழ்த்தியவன் வெல்வான் என்று விதி எங்கும் சொல்லவில்லை. எஞ்சியவன் வெல்வான் என்கிறது. ஒளிந்திருப்பதற்கான விலையையும் அந்த வட்டமே வாங்கிவிடுகிறது. ஒரே மாடியில் ஆட்டம் முழுவதும் எவனும் உட்கார்ந்திருக்க முடியாது. வட்டம் நகரும்போது அவனும் திறந்த வெளியைக் கடந்தாக வேண்டும். காத்திருப்பவனுக்கு விளையாட்டே தண்டனை விதித்திருக்க, அதற்கு மேல் ஒரு தண்டனையை வசையாக விதிக்கும் அதிகாரம் மற்ற ஆட்டக்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது?

அந்த அதிகாரம் கருவியிலிருந்து வந்தது. நொடிக்கு முப்பது படங்களைக் காட்டும் கைப்பேசியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 33 மில்லிநொடி. தொண்ணூறு படங்களைக் காட்டும் கைப்பேசியில் 11 மில்லிநொடி. எம்416 துப்பாக்கி நொடிக்குப் பதினொரு குண்டுகளுக்கு மேல் உமிழ்கிறது. இரண்டு கருவிகளும் நேருக்கு நேர் மோதினால், விலை குறைந்த கருவியை வைத்திருப்பவன் எதிரியைக் காண்பதற்குள்ளேயே பின்தங்கிவிடுகிறான். அவன் கருவியில் கைரோஸ்கோப் உணரி இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் பின்னுதைப்பைக் கையசைவால் அடக்கும் வித்தை அவனுக்குக் கிட்டாது; கட்டைவிரலால் மட்டுமே இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் கருவி சூடேறும், படம் தடுக்கும். தரவுப் பொதி தீரும் நேரத்தில் பிங் ஏறும். ஐபேடின் அகன்ற உயரமான திரையில் ஆடுபவனுக்கோ மற்றவர்கள் பார்க்காத புல்லும் வானமும்கூடத் தெரிகின்றன. இவர்கள் அனைவரும் ஒரே களத்தில் இறக்கப்படுகிறார்கள். அங்கே கூடுதலாகப் பார்க்க முடிந்தவன், குறைவாகப் பார்க்க முடிந்தவனைக் கோழை என்கிறான்.

எட்டாயிரம் ரூபாய்க் கைப்பேசி வைத்திருப்பவனின் உத்திகளைக் கவனித்தால் அவற்றின் பின்னே அச்சம் இல்லை, கணக்கு இருப்பது விளங்கும். அவன் போச்சிங்கியில் குதிப்பதில்லை. அங்கே முதல் நிமிடத்திலேயே பத்துப் பன்னிரண்டு பேர் மோதிக்கொள்வார்கள், அந்த நெரிசலில் அவன் கருவி திணறும். ஊர் ஓரத்தில் இறங்கி, இரண்டு வீடுகளைத் துழாவி, ஒரு வண்டியை மட்டும் உறுதிசெய்துகொள்கிறான். தொடர்ச்சியாகச் சுடும் துப்பாக்கியைவிடக் கார்98 போன்ற ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியை விரும்புகிறான். அதில் பின்னுதைப்பை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஒரு நல்ல கணம் போதும். வட்டத்தின் நடுவே ஓடாமல் விளிம்பிலேயே நகர்கிறான். முதுகுப்பக்கத்திலிருந்து எதிரி வரும் வாய்ப்பு அங்கே குறைவு. பணம் கொடுத்து வாங்க வேண்டாத புகைக் குண்டுகளைப் பைநிறையச் சேர்க்கிறான். நூறு ரூபாய் இயர்போனில் காலடி ஓசையைக் கேட்டு, மாடிப்படியில் ஏறுபவன் எத்தனையாவது படியில் இருக்கிறான் என்று சொல்லிவிடுகிறான். கண் தோற்கிற இடத்தில் காது வேலை செய்கிறது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைக்கும் பட்டம், கேம்பர்.

போட்டி விளையாட்டுகளை ஆராய்ந்த டேவிட் சிர்லின் இந்த மனநிலையை முன்பே விவரித்திருக்கிறார். விதியில் இல்லாத ஒரு விதியைத் தானே கற்பித்துக்கொண்டு, அதை மீறி வென்றவனை இழிந்தவன் என்று சொல்லித் தன் தோல்வியை அறமாக்கிக்கொள்ளும் ஆட்டக்காரனை அவர் காட்டுகிறார். ஆனால் சிர்லினின் விளக்கம் இங்கே பாதியளவே பொருந்தும். அவர் காட்டுபவன் தோற்றவன். தன் ஆற்றாமையால் திட்டுகிறான். பிஜிஎம்ஐயில் வென்றுகொண்டிருப்பவனும் திட்டுகிறான். அவனுக்கு வெற்றி மட்டும் போதவில்லை. தன் வெற்றி தன் கருவியினுடையதன்று, தன் துணிவினுடையது என்ற சான்றிதழும் வேண்டும். கேம்பர் என்ற வசை அந்தச் சான்றிதழின் மறுபக்கம்.

தமிழ் மரபு வீரத்தை மட்டுமே போற்றியது, ஒளிந்து போரிடுவது தமிழனுக்கு இழுக்கு என்று மார்தட்டும் ஆட்டக்காரர்களும் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் எதில் தொடங்குகிறது என்று அவர்கள் பார்க்கலாம். அது வெட்சியில் தொடங்குகிறது. பகைவர் அறியாதபடி இரவில் சென்று ஆநிரை கவர்வதும், ஒற்றறிந்து வருவதும் அங்கே துறைகளாகவே வகுக்கப்பட்டுள்ளன. புறப்பொருள் வெண்பாமாலை, மதிலுக்குள்ளிருந்து காப்பதை நொச்சி என்று தனித் திணையாக்கி, அதற்கென ஒரு பூவையும் சூட்டியது. முற்றுகையிடுபவனுக்கு உழிஞைப் பூ என்றால் உள்ளே காத்திருப்பவனுக்கு நொச்சிப் பூ. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்வாங்கும் ஆட்டுக்கடாவையும், அசையாமல் நிற்கும் கொக்கையும், நீருக்குள் வெல்லும் முதலையையும் வள்ளுவர் அங்கேதான் காட்டுகிறார். புறமுதுகில் பட்ட புண்ணுக்கு நாணுவது தமிழ் மரபே, ஐயமில்லை. ஆனால் அந்த நாணம் களத்தைவிட்டு ஓடியவனுக்கு உரியது. தன் இடத்தை அறிந்து அங்கே நின்றவனுக்கு உரியதன்று.

பழைய நூல்கள் தொலைவில் இருப்பதாகத் தோன்றினால் பெங்களூரின் சொந்த நாயகனே போதும். டெஸ்ட் போட்டிகளில் 31,258 பந்துகளை எதிர்கொண்ட ராகுல் திராவிட்டைவிட அதிகப் பந்துகளை எதிர்கொண்டவர் கிரிக்கெட் வரலாற்றில் இல்லை. அவற்றில் பெரும்பகுதியை அவர் அடிக்காமல் விட்டார் அல்லது தடுத்தார். இந்த நகரம் அவரைக் கோழை என்று அழைக்கவில்லை. சுவர் என்று அழைத்துப் பெருமைப்பட்டது. நீலசந்திராவை ஒட்டிய ஆஸ்டின் டவுனின் கால்பந்துத் திடலில், எதிரணி வரும்வரை தன் எல்லையைவிட்டு நகராத தடுப்பாட்டக்காரனை எவரும் பேடி என்பதில்லை. திடலில் மதிக்கப்படும் பொறுமை திரையில் மட்டும் இழிவாவது ஏன்? திடலில் எல்லோருக்கும் ஒரே பந்து. திரையில் அப்படி இல்லை. அங்கே சமனின்மையை மறைக்க ஓர் அறம் தேவைப்படுகிறது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிஜிஎம்ஐயில் பெரும்பாலோர் ஆடுவது டிபிபி முறையில். அதில் ஆட்டக்காரனின் கண் அவன் உடலுக்குப் பின்னே, சற்று உயரத்தில் மிதக்கிறது. சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்திருப்பவன், தன் உடலின் ஒரு நூலைக்கூட வெளிக்காட்டாமல் தெரு முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓடிவருபவனால் அவனைக் காண வழியே இல்லை. இது ஏற்றத்தாழ்வுதான், காத்திருப்பவனுக்குக் கிடைக்கும் இலவசக் கண்தான். இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இந்தக் குறை கேமராவினுடையது. எஃப்பிபி முறையில் கண் முகத்தில் இருக்கிறது. பார்க்க விரும்புபவன் பார்க்கப்படவும் துணிய வேண்டும். கணினி ஆட்டக்காரர்கள் இதே குறையைச் சொல்லி வற்புறுத்தியதால் 2017இல் அவர்களுக்கு எஃப்பிபி களங்கள் தனியே திறக்கப்பட்டன. 2018இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டி இரு முறைகளிலும் நடத்தப்பட்டது. பிறகு கணினிப் போட்டிகள் எஃப்பிபியிலேயே நிலைத்தன. அங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் ஏசுவதோடு நிற்காமல், வடிவமைப்பைக் கேள்வி கேட்டு மாற்றினார்கள். கைப்பேசிக் களத்தில் எஃப்பிபி முறை இருந்தும் ஆளில்லாமல் கிடக்கிறது. கேம்பரை வெறுப்பதாகச் சொல்பவர்கள் அந்த வெறுப்பில் உண்மையானவர்களாக இருந்தால் நாளை முதல் எஃப்பிபியில் ஆடலாம். ஆட மாட்டார்கள். மிதக்கும் கண் ரஷ் அடிப்பவனுக்கும் வசதியானதே.

இன்னொரு மறுப்பும் உண்டு. நால்வர் அணியில் மூவர் மடிந்துகொண்டிருக்க, நான்காமவன் குளியலறையில் படுத்துக் கிடப்பதை எப்படி நியாயப்படுத்துவது? நியாயப்படுத்த முடியாது. அது துரோகம், அதைத் துரோகம் என்றே சொல்ல வேண்டும். தனியாட்டத்தில் எதிரிகள் போல நடித்துக் கூட்டுச் சேர்வதும், சுவரை ஊடுருவிக் காட்டும் செயலியை வாங்குவதும் ஏமாற்று. அவற்றுக்கும் தனிப் பெயர்கள் உள்ளன. துரோகி, ஏமாற்றுக்காரன், பொறுமைசாலி ஆகிய மூவரையும் ‘கேம்பர்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால் முதல் இருவரும் தப்பிக்கிறார்கள், மூன்றாமவன் அடிபடுகிறான்.

இது வெறும் சொல்விளையாட்டு என்றால் விட்டுவிடலாம். இந்தச் சொல் இப்போது வாய்ப்புகளைத் தீர்மானிக்கிறது. அணிகளும் குழுக்களும் ஆள் சேர்க்கும்போது முதலில் கேட்பது கேடி விகிதம்: ஒரு சாவுக்கு எத்தனை வீழ்த்தல்கள். அச்சொல் தமிழில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குவது பொருத்தமான தற்செயல். வட்டத்தை முன்கணித்தவன், தோழனைப் புகைக்குள் இழுத்து உயிர்ப்பித்தவன், கடைசி ஐவருக்குள் அணியைக் கொண்டுபோனவன் ஆகியோரின் உழைப்பு அந்த விகிதத்தில் பதிவாவதே இல்லை. பெரிய போட்டிகளின் கணக்கே வேறு: ஒரு வீழ்த்தலுக்கு ஒரு புள்ளி, முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி என்ற முறை அங்கே பரவலாகியிருக்கிறது. இடம் பிடிப்பதும் காத்திருப்பதும் அங்கே மதிப்புள்ள திறன்கள்; தொழில்முறை அணிகள் மேட்டுநிலத்தைக் கைப்பற்றி அசையாமல் நிற்பதை வர்ணனையாளர்கள் ‘ஹோல்டிங்’ என்று மெச்சுகிறார்கள். அதையே நீலசந்திராவின் படிக்கட்டில் ஒருவன் செய்தால் கேம்பிங். செய்பவன் மாறும்போது சொல்லும் மாறுகிறது. திறமையின் வாயிலில் நிற்கும் காவலன் இந்தச் சொல்தான்.

இந்த இளைஞர்களைப் பற்றி வெளியுலகம் சொன்னதும் கேட்காமல் சொன்னதுதான். 2019 மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை பப்ஜியைத் தடைசெய்து, ஆடிய இளைஞர்களைக் கைதும் செய்தது. 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளுள் ஒன்றாக அது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2021இல் பிஜிஎம்ஐயாகத் திரும்பி, 2022 ஜூலை 28 அன்று மறைந்து, 2023 மே மாத இறுதியில் நேரக் கட்டுப்பாடுகளோடு மீண்டும் வந்தது. வெளியே அவர்கள் வன்முறைப் பித்தர்கள். உள்ளே, மோதத் துணியாத கோழைகள். ஒரே இளைஞன் ஒரே நேரத்தில் இரண்டு குற்றங்களுக்கும் கூண்டில் நிற்கிறான். அவன் ஏன் அந்த மாடியில் காத்திருந்தான் என்று இரண்டு நீதிமன்றங்களும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் அவன் விடை எளிதானது. ஓடினால் திரை தடுக்கும்; நின்றால் தெரியும். தன் கருவி எதைச் செய்ய வல்லது, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று அறிந்தவன் அவன். அந்த மூன்று அறிவையும் வள்ளுவர் அரசனுக்கு உரியனவாக வைத்தார். நீலசந்திராவின் படிக்கட்டில் அதே அறிவைக் காட்டுபவனுக்குப் பூச்சூட்ட வேண்டியதில்லை. அவனைக் கோழை என்று அழைப்பதை நிறுத்தினால் போதும். அடுத்த முறை மாடிப்படியில் ஏறி வீழ்பவன், வசைக்கு வாய் திறக்கும் முன், தன் காலடி ஓசை எத்தனை தொலைவுக்குக் கேட்டது என்று எண்ணிப் பார்க்கட்டும்.