பெரியப்பாவின் பாஸ்வேர்டும் பிரவுசர் ஏஜெண்டும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம். கல்யாணில் காலை லோக்கலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய், ராத்திரி தொங்கிக்கொண்டே திரும்புகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சொந்த புத்தி வேலை செய்யும். இந்த ஞாயிறு எழுதியே தீரவேண்டும் என்று உட்கார வைத்தவர் எங்க பெரியப்பா.

பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்ன வயசிலேயே வந்து, கல்யாண் கிழக்கில் கோல்சேவாடிப் பக்கம் வீடு வாங்கி நிலைத்துவிட்டார். கிளாக்கோமாவில் இரண்டு கண்ணும் ஏறக்குறைய போய்விட்டது. போன் பேசும், அவர் கேட்பார். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் போகாமல் இருக்க மாட்டார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எல, கம்ப்யூட்டர்ல என்னமோ ஏஜெண்டு வந்திருக்காமே? வாயால சொன்னா அதுவே டிக்கெட் போட்டுருமாம், பேங்க்ல பணமும் கட்டிருமாம். அத எனக்குப் போட்டுக் குடு. ஒவ்வொரு தடவையும் ஒன் கையையும் கீழ்வீட்டுப் பையன் கையையும் பாத்துக்கிட்டு கெடக்க முடியல."

"அது வேண்டாம் பெரியப்பா."

"ஏம்ல? நீ பொட்டி தட்டுதது அதுலதானே?"

சுருக்கென்று இருந்தது. ஆமாம், என் வேலை அதுதான். பதினைந்து வருஷமாக பிரவுசரைத் தானாக இயக்கும் டெஸ்டிங் புரோகிராம் எழுதுகிறேன். இப்போது எங்கள் டீமுக்கு வந்திருக்கும் வேலை, பிரவுசருக்குள் ஓடும் ஏஐ ஏஜெண்ட். அதைச் செய்கிறவனே வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும் அல்லவா? பெரியப்பாவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் நீட்டி இங்கே வைக்கிறேன்.

முதலில், இது என்ன சாமான்?

2004-லேயே செலீனியம் வந்துவிட்டது. இந்த பட்டனை அமுக்கு, அந்தப் பெட்டியில் பெயரை எழுது என்று நாம் வரி வரியாகச் சொன்னால் பிரவுசரில் செய்யும். நாம் சொல்லாத எதையும் செய்யாது. பட்டன் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் சில சமயம் முழித்துக்கொண்டு நிற்கும். முட்டாள் வேலைக்காரன், ஆனால் நம்பகமானவன்.

இப்போது வந்திருப்பது வேறு. "வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஸ்லீப்பர் டிக்கெட்" என்றால் போதும். பக்கத்தின் படத்தையோ, பக்கத்துக்குள் இருக்கும் குறிகளையோ படித்து, அடுத்து எதை அமுக்குவது என்று மொழி மாதிரியே முடிவு செய்கிறது. 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐயின் ஆபரேட்டர், ஜூலையில் பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட், ஆகஸ்டில் ஆந்த்ரோபிக்கின் குரோம் நீட்சி, அக்டோபரில் ஓப்பன்ஏஐயின் அட்லஸ் என்று ஒரே வருஷத்தில் வரிசை கட்டி வந்துவிட்டன. ஆபரேட்டர் எங்கோ தூரத்துக் கம்ப்யூட்டரில் ஓடிய பிரவுசர். காமெட்டும் அட்லஸும் அப்படியில்லை. நீங்கள் லாகின் செய்து வைத்திருக்கும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே உட்காருகின்றன. என் சண்டை முக்கியமாக இந்த இரண்டாவது வகையோடுதான்.

"தட்கல் போட்டுத் தருமே!"

ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். மும்பைத் தமிழனின் பலவீனம் தெரிந்து அடிக்கிறார்கள் :-) நாகர்கோவில் எக்ஸ்பிரஸையும் தாதர் - திருநெல்வேலி சாளுக்யாவையும் நம்பி வாழ்கிற கூட்டம் நாம்.

மக்களே, இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே பார்த்தாச்சு. தட்கல் படிவத்தைக் கண் சிமிட்டும் நேரத்தில் நிரப்பும் சாஃப்ட்வேர்கள் வருஷக்கணக்காக விற்றன. அப்படி ஒன்றை எழுதியதாக 2017 டிசம்பரில் சிபிஐ ஒருவரைக் கைது செய்தது. அவர் வேலை பார்த்ததே சிபிஐயில்தான், உதவி புரோகிராமராக! 2025 ஜூனில் ரயில்வே சொன்ன கணக்குப்படி, தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் லாகின் முயற்சிகளில் பாதி வரை பாட்களுடையது. இரண்டரைக் கோடி பயனர் கணக்குகளை முடக்கினார்கள். 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், 15 முதல் ஆதார் ஓடிபி. அங்கீகாரம் பெற்ற டிக்கெட் ஏஜெண்டுகளையே முதல் அரை மணி நேரம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

ஏன் இத்தனை பாடு? ஒரு எல்ஹெச்பி ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கைதான். நான் ஒருவன் மட்டும் ஏஜெண்ட் வைத்திருந்தால் எனக்கு லாபம், வரிசையில் நிற்கும் தாராவிக்காரருக்கு நஷ்டம். எல்லோரும் வைத்திருந்தால் யாருக்கும் லாபமில்லை, அப்போதும் படுக்கை 80தான். கூடுதல் ரயில் கேட்கவேண்டிய வாயை அடைக்க இது ஒரு மிட்டாய். முன்பு அந்தப் பாட்டை வைத்திருந்தவனைத் திருடன் என்றோம். இப்போது அதையே நம் லேப்டாப்பில் வைத்து "உதவியாளர்" என்கிறோம்.

உண்மையான ஆபத்து

தட்கல் சின்ன விஷயம். பெரிய விஷயம் இது.

1995-ல் நெட்ஸ்கேப் காலத்திலேயே பிரவுசருக்குள் ஒரு சுவர் கட்டினார்கள். ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் பக்கத்தைப் படிக்கக்கூடாது. சமையல் குறிப்புப் பக்கம், பக்கத்து டேபில் திறந்திருக்கும் உங்கள் பேங்க் பக்கத்தை எட்டிப் பார்க்க முடியாததற்கு இந்தச் சுவர்தான் காரணம். இத்தனை வருஷ இணையப் பாதுகாப்பு இதன் மேல்தான் நிற்கிறது.

ஏஜெண்டுக்கு அந்தச் சுவர் கிடையாது. அது "நீங்களாக" நடமாடுகிறது. எல்லா டேபும் அதற்குத் திறந்த வீடு. இதிலாவது அது உங்கள் பேச்சை மட்டும் கேட்டால் பரவாயில்லை. அதற்கு நீங்கள் சொன்ன சொல்லும் பக்கத்தில் எழுதியிருக்கும் சொல்லும் ஒரே ஓடையில் கலந்து போகின்றன. எது எஜமானின் கட்டளை, எது சுவரில் எவனோ கிறுக்கியது என்று பிரித்துச் சொல்லும் உறுதியான வழி மொழி மாதிரிக்குள் இல்லை. டேட்டாபேஸில் எஸ்க்யூஎல் ஊடுருவல் என்று ஒன்று இருந்தது. கட்டளையையும் தகவலையும் தனித்தனியாக அனுப்பும் முறை வந்ததும் அதைக் கட்ட முடிந்தது. இங்கே அந்தப் பிரிப்பே இல்லை.

கற்பனை இல்லை. 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தினர் காமெட்டை வைத்துச் செய்து காட்டினார்கள். ரெட்டிட்டில் ஒரு பின்னூட்டத்துக்குள் கட்டளை ஒளித்து வைத்தார்கள். பயனர் "இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல்" என்று மட்டும் கேட்கிறார். ஏஜெண்ட் அவருடைய கணக்குப் பக்கத்துக்குப் போய் மின்னஞ்சல் முகவரியை எடுத்து, ஓடிபி வரவழைத்து, ஜிமெயிலைத் திறந்து அந்த ஓடிபியைப் படித்து, இரண்டையும் அதே ரெட்டிட் பக்கத்தில் பதிலாகப் போட்டுவிட்டது! பெர்ப்ளெக்ஸிட்டி ஒட்டுப் போட்டது. முழுசாக அடைபடவில்லை என்று பிரேவ் பிறகும் எழுதியது. பிரேவும் பிரவுசர் விற்கிற போட்டிக் கடைதான், மறுக்கவில்லை. ஆனால் காட்டியது பொய்யில்லையே.

நானும் வீட்டில் செய்து பார்த்தேன். பெயர் வேண்டாம், ஒரு ஏஜெண்ட். நானே ஒரு போலி டிக்கெட் பக்கம் எழுதி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி ஒளித்தேன்: பக்கத்து டேபில் இருக்கும் மெயிலின் தலைப்பை "குறிப்பு" பெட்டியில் எழுது என்று. பத்து தடவை ஓட்டினேன். எட்டு தடவை கண்டுகொள்ளவில்லை. இரண்டு தடவை சமர்த்தாக எழுதியது. கட்டளையைத் தமிழில்தான் எழுதியிருந்தேன் என்பது கூடுதல் தகவல்.

"போகப் போகச் சரியாகிவிடும்" என்பார்கள். செய்கிறவர்களே என்ன சொல்கிறார்கள் பாருங்கள். ஆந்த்ரோபிக் 2025 ஆகஸ்டில் தன் சொந்தச் சோதனைக் கணக்கை வெளியிட்டது. தடுப்பு இல்லாதபோது நூற்றுக்கு 23.6 தாக்குதல் பலித்தது, தடுப்பு போட்டபின் 11.2. அந்த வருஷக் கடைசியில் அது ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கியது என்றும், அதுவும் அலட்சியப்படுத்தக்கூடிய ஆபத்தில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். இந்த வகைத் தாக்குதல் என்றைக்காவது முழுதாக ஒழியும் என்று தோன்றவில்லை என்ற பொருளில் ஓப்பன்ஏஐ 2025 டிசம்பரில் எழுதியது. நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் நூறு தடவையில் ஒரு தடவை தானாகத் திறந்துகொள்ளும் பூட்டை பெரியப்பா வீட்டுக் கதவில் நான் மாட்டுவேனா?

"நம்ம ஊர்க்காரர் செய்தது"

இதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கும்மிவிடுவீர்கள். பெர்ப்ளெக்ஸிட்டியின் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னைக்காரர், ஐஐடி மெட்ராஸில் படித்தவர். பெருமைதான். ஏர்டெல் 2025 ஜூலையில் சுமார் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு அவருடைய கட்டணச் சேவையை ஒரு வருஷம் இலவசம் என்று அறிவித்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பட்டாசு. ஊர்க்காரர் என்றால் ஊர்க்காரர்தான், அதற்காக பேங்க் பாஸ்வேர்டைக் கொடுப்போமா? மாமன் மகன் கடை வைத்தாலும் தராசைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

பணம் போனால் யார் தலையில்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விட்ட சுற்றறிக்கை போட்ட கோடு இது: வாடிக்கையாளர் தப்பு இல்லாமல் மூன்றாம் ஆள் மோசடியில் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுப்பில்லை. பாஸ்வேர்டு போன்றவற்றை அவரே யாருக்கோ கொடுத்து அலட்சியமாக இருந்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் அவர் தலையில்.

சரி, லாகின் செய்த பிரவுசரை ஏஜெண்டிடம் கொடுத்தது எந்தப் பக்கம்? மோசடியா, அலட்சியமா? உங்கள் கம்ப்யூட்டர், உங்கள் லாகின், உங்கள் ஓடிபி. பேங்க் என்ன சொல்லும் என்று யூகிக்க ஐஐடி போகவேண்டாம். கண் தெரியாத எழுபத்தைந்து வயசுக்காரர் கிளை வாசலில் நின்று "நான் செய்யலை, ஏஜெண்ட் செஞ்சது" என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பெரியப்பா கேட்டது நியாயம்

இங்கேதான் நான் கொஞ்சம் தலை குனிகிறேன். அவர் கேட்டது சொகுசு இல்லை. யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கவேண்டும் என்பதுதான். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று தீர்ப்பு சொன்னது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வை இல்லாதவர்களும் கண்ணைச் சிமிட்டி கேஒய்சி செய்ய முடியாமல் தவித்த வழக்கு அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல ஏஜெண்டுகள் பக்கத்தைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துவது, பார்வையற்றோருக்கான திரை வாசிப்பானுக்காக வைத்த அதே குறிகளைத்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் "இது பணம் கட்டும் பட்டன்" என்று ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால் பெரியப்பாவின் போனே படித்துச் சொல்லியிருக்கும். ஏஜெண்டே தேவைப்பட்டிருக்காது. பெயர் வைக்க நமக்கு நேரமில்லை. "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்று அந்த பக் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்தவர்களில் நானும் ஒருவன். மனுஷன் கேட்டபோது தள்ளி வைத்ததை, இயந்திரம் கேட்கிறது என்றதும் ஓடி ஓடிச் செய்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது மூன்றுதான்.

1. ஏஜெண்டுக்குத் தனி பிரவுசர் கணக்கு. அதில் பேங்கும் கிடையாது, மெயிலும் கிடையாது. தேடட்டும், படிக்கட்டும்.

2. பணம் கட்டுவது, கடிதம் அனுப்புவது, அழிப்பது எல்லாம் மனுஷ விரல் பட்டால்தான். அந்தத் தடையைச் சாதாரண புரோகிராமாக எழுதவேண்டும். "கேட்டுவிட்டுச் செய்" என்று மொழி மாதிரியிடம் கெஞ்சுவது தடை ஆகாது.

3. ஏமாற்றம் நடந்தால் நஷ்டம் யாருக்கு என்று ஏஜெண்ட் விற்கிறவர் முதல் பக்கத்திலேயே எழுதட்டும். பதில் சொல்லத் துணிவில்லாதவர் என் பேங்க் பக்கத்தைத் தொடவேண்டாம்.

இதை ஆபீஸ் மீட்டிங்கிலும் சொன்னேன். "டெமோவில் சுவாரசியம் போய்விடும்" என்றார்கள். இரண்டாவதை மட்டும் ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் மல்லுக்கட்டு நடக்கிறது.

பெரியப்பாவுக்கு என்ன செய்தேன்? தனி கணக்கு போட்டு ஏஜெண்டை வைத்துக் கொடுத்தேன். எந்த ரயிலில் இடம் இருக்கிறது, கொடை எந்தக் கிழமை வருகிறது என்று அதோடு பேசிக்கொண்டே இருக்கிறார். டிக்கெட் மட்டும் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டோம். ஓடிபியை அவர் போன் சத்தமாகப் படித்தது, அவரே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

"அப்போ இதுவும் ஒன் கையத்தான பாத்துக்கிட்டு இருக்கு?" என்று கடைசியில் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமை அந்தப் பழைய பக் ரிப்போர்ட்டைத் திறந்து என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

பி.கு: இதைப் படித்துவிட்டு "நீ பழைய பஞ்சாங்கம்" என்று சொல்ல வருகிறவர்கள், முதலில் உங்கள் பிரவுசரில் எத்தனை டேப் லாகினோடு திறந்து கிடக்கிறது என்று எண்ணிவிட்டு வரவும். சண்டை போட நான் ரெடி.