ஜூன் 24-இல் விடுபட்ட பெயர்

ஜூன் 24 என்று சொன்னால் போதும், பழைய திரைப்பாடல் கேட்டு வளர்ந்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். கவியரசு கண்ணதாசன் 1927-ஆம் ஆண்டு அந்நாளில் சிறுகூடல்பட்டியில் பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928-இல் அதே நாளில், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தார். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ஒரே பிறந்தநாள்! கதை எழுதுபவன்கூட இப்படி எழுதத் தயங்குவான். அன்றைக்கு வானொலி அறிவிப்பாளர்களுக்கு வேலை எளிது.

நம் கழகமும் அந்த நாளையொட்டிப் பாடல் மாலை ஒன்றை நடத்தி வருவதை நாம் அறிவோம். அந்த வழக்கத்தைக் குறை கூற நான் வரவில்லை. அந்த மேடையில் பாடித்தான் என் கூச்சத்தைத் தொலைத்தேன். ஆனால், ஒரு கேள்வி பல காலமாக என்னை விடாமல் துரத்துகிறது. அதைக் கேட்டவர் நான் அல்லன், ஒரு பெரியவர்.

நான் இரண்டாம் ஆண்டில் படித்தபோது பதாகை செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. இடப்பக்கம் கவிஞர், வலப்பக்கம் எம்.எஸ்.வி., நடுவில் பெரிய எழுத்தில் தேதி. நிகழ்ச்சி முடிந்து தேநீர் வேளையில் ஒரு முதியவர் பதாகையையே பார்த்துக்கொண்டு நின்றார். செயலவைத் தோழி ஒருத்தியின் தாத்தா. அந்தக் காலத்தில் தோட்டத்துத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் இசைக்குழுவோடு போய் வயலின் வாசித்தவராம்.

"இன்னிக்கு எத்தன பாட்டு பாடுனீங்க, தம்பி?"

"பதினாலு, ஐயா."

"அதுல பத்துப் பாட்டுக்கு ராமமூர்த்தியும்தானே மியூசிக்கு? அவரு படம் எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. "அவர் பிறந்தநாள் இன்னிக்கு இல்லியே, ஐயா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் கோபப்படவில்லை. "வயலின்காரன்னா அப்படித்தான். பின்னாலதான் உக்காந்திருப்போம்" என்று சிரித்துவிட்டு, தட்டில் இருந்த கேசரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு விடுதிக்கு வந்து பாடல் பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பத்து இல்லை, பதினொன்று.

டி.கே. ராமமூர்த்தி 1922 மே 15-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். கர்நாடக இசையில் தேர்ந்த வயலின் கலைஞர். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் அவர் வயலின் வாசித்தார். விஸ்வநாதன் ஆர்மோனியத்தோடு அங்கே வந்து சேர்ந்தார். 1952-இல் சுப்பராமன் முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். முடியாமல் கிடந்த அவருடைய படங்களின் இசையை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு இந்த இருவர் மேல் விழுந்தது. 'தேவதாஸ்' அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம்முடைய 'பணம்' படத்தில் இருவரையும் இரட்டையராக அறிமுகம் செய்தார். வடக்கே சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. வயதில் ஆறு ஆண்டு மூத்தவரான ராமமூர்த்தியின் பெயர் ஏன் பின்னால் வந்தது? மூத்தவர் பின்னால் நின்று இளையவரைத் தாங்கிக்கொள்ளட்டும் என்று கலைவாணர் சொன்னதாக ஒரு செய்தி இசை உலகில் வழங்கி வருகிறது. அப்படியே தாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும், பதின்மூன்று ஆண்டுகள்.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் 1961 என்ற ஓராண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் 'பாவமன்னிப்பு'. மே மாதத்தில் 'பாசமலர்'. செப்டம்பரில் 'பாலும் பழமும்'. மூன்றும் பீம்சிங் இயக்கியவை. மூன்றிலும் சிவாஜி கணேசன். மூன்றிலும் கண்ணதாசன் பாடல்கள். தலைப்பு ஓடும்போது இசை என்ற இடத்தில் 'விஸ்வநாதன் – ராமமூர்த்தி' என்று இரண்டு பெயர்கள் தெளிவாக வருகின்றன. இன்றும் நம் வீடுகளில் குழந்தையைத் தூங்க வைக்கப் பாட்டிமார் முணுமுணுக்கும் அந்தப் 'பாசமலர்' தாலாட்டு, 'பாலும் பழமும்' படத்துச் சோகப் பாட்டுகள், இவையெல்லாம் ஜூன் 24 மாலைகளில் தவறாமல் இடம்பெறுபவை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'கர்ணன்' (1964), 'காதலிக்க நேரமில்லை' (1964), 'புதிய பறவை' (1964) என்று பட்டியலை நீட்டினாலும் கதை அதேதான். 1963-இல் அவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'மெல்லிசை மன்னர்கள்'. 'கள்' என்ற விகுதியை நாம் எங்கே கழற்றி வைத்தோம்?

1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தனர். காரணங்களைக் கிளறுவது நமக்கு வேண்டாத வேலை. பிரிந்த பிறகு ராமமூர்த்தி 'சாது மிரண்டால்', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்' முதலிய படங்களுக்குத் தனியாக இசையமைத்தார். விஸ்வநாதனின் ஓட்டமோ நிற்கவே இல்லை.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராமமூர்த்தியின் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எம்.எஸ்.வி.யைக் குறைத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வீண் பேச்சு. திரைப்பாடலாசிரியருக்கான தேசிய விருது கண்ணதாசனுக்குக் கிடைத்தது 1968-இல் வந்த 'குழந்தைக்காக' படத்துக்கு. அதற்கு இசை விஸ்வநாதன் மட்டும். வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த 'அபூர்வ ராகங்கள்' (1975) பாடலும் இந்த ஜூன் 24 இருவருடையதே. 1979-இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஓர் இளைஞர் இசைக்குழு சிங்கப்பூருக்கு வந்து பாடும் கதை, படப்பிடிப்பும் அங்கேதான். நீளமான முடியும் கிட்டாருமாகக் கமல்ஹாசன் ஆடிப் பாடிய அந்தப் பாடல்களை எழுதியவருக்கு வயது 51, இசையமைத்தவருக்கு 50. நம் வயதில் இருந்த பிள்ளைகள் அன்று அதற்கு ஆடினார்கள், இன்றும் விடுதி இரவுகளில் ஆடுகிறார்கள். ஆகவே ஜூன் 24-க்குக் காரணம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

என் வழக்கு வேறு. பிறந்தநாளை அளவுகோலாக வைத்துக்கொண்டால், பாட்டில் யார் என்ன வேலை செய்தார் என்பதை விட்டுவிட்டு, யார் எப்போது பிறந்தார் என்பதை வைத்து மேடையில் நாற்காலி போடுகிறோம். ஒரே தேதியில் பிறந்தது கவிஞருக்கும் எம்.எஸ்.வி.க்கும் தற்செயலாக வாய்த்தது. 'பாவமன்னிப்பு' தற்செயலாக வந்ததன்று. மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, மெட்டை மாற்றி, சொல்லை மாற்றி, மறுபடி மெட்டை மாற்றி உண்டாக்கிய பாடல்கள் அவை. எது யார் போட்ட மெட்டு என்று பிரித்துப் பார்க்க இடம் கொடுக்காமல், இரண்டு பெயரையும் சேர்த்தே அவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்தில் பாதியை அழிக்கும் உரிமை நமக்கு ஏது?

கே.வி. மகாதேவனுக்கும் இதே கதிதான். 'திருவிளையாடல்' (1965) பாடல்கள் இல்லாமல் கண்ணதாசனைப் பற்றிப் பேச முடியுமா? எழுதிய பாட்டுக்கு இசையமைப்பதில் பெயர் பெற்றவர் அவர். ஆனால் பிறந்தது மார்ச் 14. பதாகையில் இடமில்லை!

ஜூன் 24-ஐப் புரட்டிப் பார்த்தபோது வேறொரு செய்தியும் கண்ணில் பட்டது. ஆங்கில இசையுலகில் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 1944-இலும், மிருதங்கக்காரர் என்று நாம் சொல்லக்கூடிய டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் 1947-இலும் இதே தேதியில் பிறந்திருக்கிறார்கள். 1967-இல் பீட்டர் கிரீன் என்ற கிட்டார் கலைஞர் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். பாடுவதும் அவர், முன்னால் நிற்பதும் அவர். குழுவுக்கு மட்டும் தம் பெயரை வைக்கவில்லை. பின்வரிசையில் டிரம்ஸ் வாசித்த ஃப்ளீட்வுட்டையும் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயையும் சேர்த்து 'ஃப்ளீட்வுட் மேக்' என்று வைத்தார். உலகமே அந்தப் பெயரைச் சொல்கிறது. இதைப் படித்தபோது கேசரித் தட்டோடு நடந்துபோன அந்த ஐயாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

2012-இல் தமிழக முதல்வர் ஜெயலலிதா 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை விஸ்வநாதனுக்கும் ராமமூர்த்திக்கும் ஒரே மேடையில் வழங்கினார். பிரிந்து 47 ஆண்டுகள் ஆன பிறகும் இருவரையும் சேர்த்தே நினைக்க ஓர் அரசால் முடிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரல் 17-ஆம் நாள் ராமமூர்த்தி காலமானார். விஸ்வநாதன் 2015 ஜூலை 14-இல் மறைந்தார். கண்ணதாசனோ 1981-லேயே சிக்காகோவில் கண்மூடிவிட்டார்.

புதிய செயலவைக்கு ஒரு யோசனை. ஒருவர் பிறந்த நாளுக்குப் பதிலாக ஒரு படம் பிறந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாசமலர்' வெளிவந்தது 1961 மே 27. அந்த நாளில் கவிஞரும் இருக்கிறார், இரட்டையரும் இருக்கிறார்கள், டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் இருக்கிறார்கள். தேர்வுக் காலத்தோடு மோதும் என்று முணுமுணுப்பு எழும், தெரியும். சரி, ஜூன் 24-ஐ விட மனமில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் மேடையேறும் முன் அறிவிப்பாளர் படத்தின் பெயர், ஆண்டு, பாடலாசிரியர், இசை என்று முழுதாகச் சொல்லட்டும்; இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் சொல்லட்டும். பத்து விநாடிகூட ஆகாது.

பழைய பதாகையின் கோப்பு இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. வலப்பக்கப் படத்தைச் சற்று நகர்த்தினால் இன்னொருவருக்கு இடம் கிடைக்கிறது; வயலினோடு இருக்கும் படமாகத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்பி வைக்கிறேன். தோழியின் தாத்தாவுக்கு மட்டும் அழைப்பிதழை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அவருக்கு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.