ஒழுங்கு வேறு, ஒழுக்கம் வேறு

சென்னையின் அரசுப் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ‘பசங்க கெட்டுப் போயிட்டாங்க’ என்பதில்தான் வந்து முடிகிறது. கானா பாடுகிறான், ஓரத்தை ஒட்ட வெட்டி உச்சியில் கலர் அடிக்கிறான், பேருந்துப் படியில் தொங்குகிறான், ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ‘புள்ளிங்கோ’ என்று ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எந்தத் தெரு, எந்தப் பகுதி, யாருடைய பிள்ளை நம் நினைவுக்கு வருகிறது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் ஆசிரியர். வகுப்பில் இடையூறே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைசி பெஞ்சில் நாலு பேர் சத்தம் போட்டால் அன்றைய கணக்குப் பாடம் போய்விடும். அதை இழப்பதும் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். டியூஷனுக்குப் பணம் கட்ட வழியில்லாதவர்கள். ஆசிரியரை அடிக்கக் கை ஓங்குவதை எந்த அரசியல் பேசியும் நியாயப்படுத்த முடியாது. வகுப்பில் ஒழுங்கு வேண்டும்.

ஆனால் பள்ளிகள் கேட்பது ஒழுங்கை மட்டுமா? ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, யாரையும் அடிக்காமல் இருப்பது, அடுத்தவர் படிப்பைக் கெடுக்காமல் இருப்பது ஒழுங்கு. ஒழுக்கம் என்று இந்தச் சமூகம் சொல்வதோ, ஒருவரின் பிறப்பு, வளர்ப்பு, பேச்சு, தெரு எல்லாவற்றின் மீதும் எழுதிவைத்த தீர்ப்பு. முடி எந்தப் பாடத்தையும் கெடுப்பதில்லை. ஆனாலும் காலைப் பிரேயரில் முதலில் பிடிபடுவது முடிதான். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்ட குடும்பத்தின் பிள்ளை, பழைய பள்ளியை விட மனமில்லாமல் பேருந்து மாறி வருகிறான். அவனைத் தூர அனுப்பியது அரசு. தாமதமாக வந்த குற்றத்துக்கு வாசலில் நிற்பது அவன்.

இதே அளவுகோலைச் சாதி வெறிக்கு யாராவது வைத்தார்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவர் படித்த பள்ளியின் மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குதல், அகர வரிசையில் இருக்கை என்று அது பரிந்துரைத்தது. சாதிக் கயிறு கட்டி வருகிறவனை ‘புள்ளிங்கோ’ என்று யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. நம் பொதுப்புத்தியில் கலர் முடி ஒழுக்கக்கேடு. கலர் கயிறு பாரம்பரியம்.

2022இல், மாணவர்கள் ஆசிரியர்களைக் கேலி செய்யும் காணொளிகள் பரவியபோது, அப்படி நடப்பவர்களை நிரந்தரமாக நீக்கி, காரணத்தை டி.சி.யிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதுவோம் என்று பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி சட்டமன்றத்தில் சொன்னார். சமூகநீதி பேசும் அரசின் குரல் அது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும் அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது. மீசை அரும்பி, கோபம் வந்து, வீட்டு வறுமையும் புரியத் தொடங்குகிற வயது அது. அந்த வயதில் கையில் கொடுக்கப்படும் கெட்ட சான்றிதழை வைத்துக்கொண்டு அவன் எந்தப் பள்ளியின் கதவைத் தட்டுவான்? அப்பாவும் அம்மாவும் செய்யும் வேலைக்குத்தான் போவான்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி விரட்டிய மண் இது. அந்தத் திட்டம் பிள்ளைகளைப் பாதி நாள்தான் குலத்தொழிலுக்கு அனுப்பப் பார்த்தது. டி.சி. முழு நாளும் அனுப்பிவிடுகிறது.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. முடியும் பேச்சும் குற்றப் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும். எந்தத் தண்டனைக்கும் முன் மாணவரையும் பெற்றோரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆசிரியரைத் தனியாக விடாமல், பள்ளிதோறும் முழுநேர மனநல ஆலோசகர் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒழுங்கீனத்துக்காக ஒருவரையும் வெளியேற்றக் கூடாது. சாதி வன்முறையை ‘பசங்க சண்டை’ என்று மூடி மறைக்கும் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்குள் வரவே நம் முன்னோர் ஒரு நூற்றாண்டு போராடினார்கள். முடியைக் காட்டி ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும் அதிகாரம் யாருக்கும் இல்லை.