வடக்கு மறக்காத கல்

மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு பஸ் ஏறுகிறவரிடம் ‘இது பழைய எரிமலை’ என்றால் நம்பிவிடுவார். பாறைகளின் தோற்றம் அப்படி. ஆனால் இந்த மலை பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ், சார்னோக்கைட் ரகம். வயது சுமார் 250 கோடி ஆண்டு.

எரிமலையின் உறவைப் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்கி சாமராஜநகர், கொள்ளேகால் பக்கம் (1956 வரை கொள்ளேகால் நம் கோவை ஜில்லா) கறுப்புக்கல் குவாரிகளுக்குப் போக வேண்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் உண்டு. பூமி பிளந்த இடுக்குகளில் ஏறி வந்த நெருப்புக் குழம்பு அப்படியே உறைந்த சுவர்கள் இவை. மேலே வழிந்திருக்கக்கூடிய குழம்பெல்லாம் மழையில் கரைந்து போக, வந்த வழி மட்டும் மிச்சம். புவியியலாளர்களுக்கு இது டோலரைட். வியாபாரிகளுக்கு ‘பிளாக் கிரானைட்’. கிரானைட்டுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. மொழிபெயர்ப்பில் நான் இப்படிச் செய்தால் ஆசிரியர் முகத்தில் விட்டெறிவார்.

பாலீஷ் போட்டால் கண்ணாடி. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் கல்லறைக் கல்லாகப் போகிறது. (சார்னோக்கைட்டுக்குப் பெயர் கிடைத்ததே கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறையால்தான். கல் பல்லாவரத்து ரகம்.)

போகட்டும், கல் விற்றால் காசு, கூலி. ஆனால் இந்தக் கறுப்புக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. குழம்பு உறைந்து மேலும் ஆறும்போது அதிலுள்ள இரும்புக் கனிமத் துகள்கள் அசைவதில்லை; அவற்றின் காந்தத்தன்மை மட்டும் திசைகாட்டி ஊசிபோல அன்றைய காந்தப்புலத்தின் திசையில் அமைந்து, அப்படியே பதிந்துவிடுகிறது. பெங்களூரைச் சுற்றியுள்ள இத்தகைய சுவர்களுக்கு யுரேனியம்-ஈயக் கணக்கில் 237 கோடி வயது. 2007-ல் வெளியான ஆய்வு, அவற்றின் ஊசிகளைப் படித்து, இந்தத் தென்னிந்திய மண் அப்போது துருவத்தை ஒட்டி இருந்தது என்றது. தேங்காயும் மூங்கிலும் விளையும் இதே மண்!

கல் நின்ற இடத்தில் நிற்கும் வரைதான் இந்தக் கணக்கு. பிளந்து லாரியில் ஏற்றிவிட்டால் வயது போகாது, திசை போய்விடும். ஒசாகா மயானத்தில் நிற்கும் கல்லிடம் வடக்கு எது என்று யார் கேட்பது? சுவர் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். ஒரு குவாரி முழுசாக உருவிவிட்டு, தண்ணீர் தேங்கிய நீளப் பள்ளத்தை விட்டுப் போகும்.

2013-ல் மலைக்காடு வன விலங்கு சரணாலயமானது. வெளியே உள்ள சுவர்களுக்கு அந்தக் காவல் இல்லை. குத்தகைக் கையெழுத்துக்கு முன் விரல் தடிமனில் நாலைந்து துளை போட்டு, திசை குறித்து எடுத்து வைக்கச் சொன்னால் போதும். ஒருநாள் வேலை.