லாரி வரிசை ஓடும், ஓட்டுநர் கதி?

நெடுஞ்சாலையில ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க தோழர்களே. முன்னால போற லாரி பிரேக் அடிச்சா, வயர்லெஸ் சேதி கிடைச்சுப் பின்லாரியும் தானா பிரேக் பிடிக்குது. நெருங்கி ஓடுறதால காற்றுத் தடை குறையும், டீசல் மிச்சம். 2016 ஏப்ரலில் ஆறு ஐரோப்பிய நிறுவனங்களின் லாரிகள் இப்படித்தான் ரோட்டர்டாம் வந்து சேர்ந்தன.

நடுவுல ஒரு கார் புகுந்தா? வரிசை உடையும். மறுபடி எட்டிப் பிடிக்க வேகம் கூட்டணும், மிச்சமான டீசல் அங்கேயே போச்சு! எதிர்பார்த்த மிச்சம் இல்லையென்று 2019-இல் டைம்லர் நிறுவனமே இதைக் கைவிட்டது.

ரோட்டர்டாம் வந்த லாரிகளில் ஓட்டுநர்கள் இருந்தார்கள். டீசலில் கிடைக்காத லாபத்தை நாளை அவங்க சம்பளத்துல தேடுவாங்க. பின்லாரியில் சும்மா உட்காரும் நேரம் வேலையா, ஓய்வா? சட்டம் எழுதும் முன் ஓட்டுநர் சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.